சங்கிலிகளுக்கு நடுவே ஒரு காலி இடம்

மின்கம்பியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை ஏன் மின்சாரத்தைக் கடத்துவதில்லை? இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பாலிஎத்திலீன் என்ற அந்தப் பொருள் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அதில் ஓர் எலக்ட்ரான் தன் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதே என் ஆய்வேட்டின் முக்கியமான எண். மற்றவர்கள் சொன்னதைவிட என் எண் பெரிதாக வந்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வாய்மொழித் தேர்வு ஆன்லைனில். மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்து பேசுவதாக இருந்தேன். முந்தின நாள் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எங்கள் சாமைக் கொல்லையின் மேட்டுப் பாறைதான் கதி. ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. தேறினால் அடுத்த வாரமே ஒரு கல்லூரியில் வேலை. பட்டம் தள்ளிப்போனால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

தேர்வுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, ஒரு சந்தேகத்துக்காகப் பல்கலைக்கழகக் கணினியில் ஓடவிட்டிருந்த கடைசிக் கணக்கின் விடை போனில் வந்தது. எண் சுருங்கியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். இந்தப் பிளாஸ்டிக்கில் புதிதாக வரும் எலக்ட்ரான் சங்கிலியின் மேல் தங்காது, சங்கிலிகளுக்கு நடுவேயுள்ள காலி இடத்தில்தான் தங்கும். அணுவே இல்லாத அந்த இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊரிலிருந்தே வேலை செய்த மாதங்களில், இதே பாறையில் உட்கார்ந்து பெரிய கோப்புகளை இறக்க முடியாமல் எரிச்சலில், ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு பாரம் என்று அதை வெட்டி எறிந்திருந்தேன். இந்தக் கடைசிக் கணக்கு வரை திரும்பச் சேர்க்கவே இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியரை அழைத்தேன். "கேட்டா சொல்லும்மா. நீயா வாயத் தொறக்காத" என்றார். அண்ணனிடமும் விஷயத்தைச் சொன்னேன். போனை உயரத் தூக்கிப் பிடித்து என் லேப்டாப்புக்கு இணையம் கொடுப்பது அவன் வேலை.

கேள்விகள் வந்தன. அந்தக் காலி இடத்தைப் பற்றிய கேள்வி மட்டும் வரவில்லை. கடைசியில் தேர்வுக் குழுத் தலைவர், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் திரை உறைந்து நின்றது.

படம் மறுபடி அசைந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "வாழ்த்துகள், டாக்டர்." நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

"வுட்டுடும்மா," அண்ணன் கிசுகிசுத்தான். "நீ சொல்லிட்ட. சிக்னலு போனதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் நினைத்ததையே அவன் சொல்லிவிட்டான் என்ற கோபம்.

"கைய எறக்காதண்ணா. இன்னும் ஒசத்திப் புடி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். நான் இரண்டாம் முறை சொன்னேன், மெதுவாக. இந்த முறை சிக்னல் அறுந்து தொலையவில்லை. தட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "அந்த அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டுவாருங்கள். முடிவு அதற்குப் பிறகுதான்" என்றார் தேர்வாளர்.

திரையை மூடினேன். அண்ணன் இன்னும் கையை இறக்கவில்லை.

"வேல?" என்றான்.

"போச்சுண்ணா" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அழுதேன்.