அரைநாள் கூலி

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி, பிறந்து எழுபது நாளான எங்கள் மூத்த மகள். கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்கியவனையும் சேர்த்தால் நான்கு. வேறு யாரும் இல்லை. யாராவது கேட்டால் உளறிவிடக் கூடாதே என்று இந்தக் கணக்கை எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். கடைசிவரை யாரும் கேட்கவே இல்லை.

1961ஆம் வருஷம், கர்க்கடக மாதம். நம் ஆடிதான். மட்டாஞ்சேரி கடைவீதிக்குப் பின்னால், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கும் பண்டகசாலைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் அப்பா எனக்கு விட்டுப்போன ஓட்டு வீடு. பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் எனக்கு எடை போடுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிது.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். வாசலைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தாலும் இரண்டு தடவை எழுந்துபோய்த் தடவிப் பார்ப்பேன். அந்த மாதம் எங்கள் பக்கத்தில் இரண்டு வீடுகளில் பட்டப்பகலில் ஓட்டைப் பிரித்து இறங்கித் திருடியிருந்தார்கள். மழை இரைச்சலில் என்ன சத்தம் கேட்கும்? அன்று முதல் பூண் போட்ட உலக்கையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சாய்த்து வைத்துக்கொண்டேன். பால் மாவு டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக் கொல்லைக் கதவில் கட்டினேன். அடுத்த வீட்டில் மூட்டை தூக்கும் சேட்டன் ஒருவர் இருந்தார். மலையாளிதான், ஆனால் எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் பாதி தமிழ் வந்திருந்தது. டப்பாக்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கள்ளன் வந்தா ஆத்யம் ஓடறது நீங்களாயிருக்கும். உலக்கையைக் குழந்தைகிட்ட குடுத்துட்டுப் போங்க."

அன்று காலையிலிருந்து விடாத மழை. பண்டகசாலைப் படி வரை தண்ணீர் ஏறிவிட்டதால் மதியத்தோடு பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உள் அறையில் மனைவியும் குழந்தையும் தூங்கினார்கள். நான் கண்ணை மூடிக் கிடந்தேனே தவிரத் தூங்கவில்லை.

ஓட்டின் மேல் ஓட்டை எடுத்து வைக்கிற சத்தம் தனி. அதைக் கேட்டேனா, இல்லை பயத்தில் கேட்டதாக நினைத்தேனா தெரியாது. ஆனால் அடுத்தது நன்றாகக் கேட்டது. அதுவரை வெளியே பெய்துகொண்டிருந்த மழை திடீரென்று சமையலறைக்குள் பெய்யத் தொடங்கியது.

உலக்கையை எடுத்துக்கொண்டு போனேன். கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன். எங்கள் வெண்கல உருளியும் இரண்டு பித்தளைத் தம்ளர்களும் அவன் துண்டில் ஏறிவிட்டன. கையில் ஓடு நெம்புகிற இரும்புக் கம்பி. என்னைப் பார்த்ததும் அதை ஓங்கினான். எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் என் குழந்தை கிடக்கிறது. உலக்கையை வீசினேன். அவன் கையில் விழுந்தது. கம்பி தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவன் திரும்பிவிட்டான். வந்த வழியே போய்விடத்தான் பார்த்தான். ஒரு காலை ஆட்டுக்கல்லின் மேல் வைத்து, நல்ல கையால் கூரைச் சட்டத்தைப் பிடித்தான். அவன் முதுகும் பின்னந்தலையும் எனக்கு நேரே இருந்தன. இரண்டாவது தடவை வீசினேன்.

ஏன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போய்விட்டுத் திரும்பி வருவானோ என்ற பயமா, முதல் அடி பலித்ததில் வந்த தைரியமா? அவன் சுருண்டு விழுந்தான். தலையிலிருந்து வந்த ரத்தத்தை மழைத் தண்ணீர் அடுப்பு வரை கொண்டுபோயிற்று. திரும்பினால், வாசற்படியில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மனைவி.

"அவன்தான் திரும்பிட்டானே" என்றாள். அவ்வளவுதான்.

கூப்பிட்ட குரலுக்குச் சேட்டன் ஓடி வந்தார். குனிந்து பார்த்தவர் முகத்தில் கேலி இல்லை. "எந்தா, மரிச்சோ?" என்றார். மூக்கில் கை வைத்துப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்றார். போலீஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆள் பிழைக்கட்டும் என்று அவரே பண்டகசாலைக் கைவண்டியை இழுத்துவந்தார். சாக்கை விரித்து அவனைக் கிடத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு, இரண்டு பேருமாக மழையில் தள்ளிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி நடந்தது என்று கேட்டார். சேட்டன் முந்திக்கொண்டார். "இவர் வீட்டுல ஓடு மாற்றும்போ விழுந்ததா. ஆட்டுக்கல்லு மேல." என் நன்மைக்கென்று அவர் சொன்ன பொய். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலோடு அது என் பொய்யாகிவிட்டது.

இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த பாலக்காட்டுத் தமிழரைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்றுதான் தொடங்கினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"தெரிஞ்சவருக்கு நடந்ததுக்கு உமக்கு ஏன் ஓய் கை இப்படி நடுங்கறது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்குள் கம்பியோடு வந்தவனை அடிக்க வீட்டுக்காரனுக்குச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது, பயப்படாதேயும் என்றார். எனக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"இரும். எத்தனை அடி?"

"ரெண்டு."

"ரெண்டாவது விழறச்சே அவன் எந்தப் பக்கம் பாத்துண்டிருந்தான்?"

எழப்போனவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். முதல் அடிக்குத்தான் அந்த உரிமை. ஆயுதம் கீழே விழுந்து, ஆள் முதுகைக் காட்டிய பிறகு அடித்தால் அதற்கு வேறு பெயர். போதாக்குறைக்கு ஆஸ்பத்திரியிலும் மாற்றிச் சொல்லியாயிற்று. "அவன் செத்தா உம்ம பாடு கஷ்டம். பொழைச்சு வாயைத் திறந்தாலும் கஷ்டம்தான். ஸ்வாமியை வேண்டிக்கும்."

எதை வேண்டிக்கொள்வது? சாகக் கூடாது என்றா, பேசக் கூடாது என்றா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டையும்தான் வேண்டிக்கொண்டேன்.

தினமும் காலையில் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவனால் குடிக்க முடியாது என்று தெரியும். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாக்கு வேண்டுமே. கஞ்சியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு வருவேன். காய்ச்சல் ஏறி, வெளியில்தான் ஊசி மருந்து வாங்க வேண்டும் என்றபோது யாரும் கேட்காமலே ஓடிப்போய் வாங்கி வந்தேன். பன்னிரண்டு ரூபாய். என் ஒரு வாரச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வார்டில் எல்லோரும் என்னைப் புண்ணியவான் என்றார்கள்.

மூன்றாம் நாள் அவன் கட்டிலருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி. கும்பளங்கியிலிருந்து வள்ளம் ஏறி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் என்னைக் காட்டி, இவர்தான் என்றார். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் எழுந்து கும்பிட்டாள். பேசியது மலையாளம், நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஓட்டு வேலைக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. இந்த மழையில யாரு கூப்பிடுவான்னு நான் சண்டை போட்டேன். கர்க்கடகத்துல வேலை குடுக்கிற புண்ணியவான் ஒருத்தர் இருக்காரு, போடீன்னாரு. அது நீங்கதானா சேட்டா?"

அவன் உண்மையிலேயே ஓடு மாற்றுகிறவன்தான். மழைக்காலத்தில் அந்த வேலை கிடையாது. அவன் தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்த பொய்யும், சேட்டன் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யும் ஒன்றாகவே இருந்தன. ஆமாம் என்றேன்.

ஆறாம் நாள் காலை நான் போனபோது அவன் கண் திறந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டும் பென்சிலுமாக நின்றார். தலையில் அடிபட்ட கேஸ் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. அவன் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக, "இதோ, இவருதான் உங்களை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தாரு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் முகத்தை, பாத்திரத்தை, மறுபடி முகத்தை. பிறகு அவளைப் பார்த்தான். அவள் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடு நனைஞ்சு கிடந்தது. வழுக்கிடுச்சு" என்றான் போலீஸ்காரரிடம்.

போலீஸ்காரர் எழுதினார். எழுதியவர் சும்மா போகவில்லை. என் பக்கம் திரும்பினார். "கர்க்கடகத்தில் ஓடு மாற்றான் ஆளெ விளிச்சோ? தனிக்கு பிராந்துண்டோ?" ஆடி மழையில் எவனாவது ஓடு மாற்றக் கூப்பிடுவானா, உனக்கென்ன பைத்தியமா என்கிறார். வார்டே என்னைப் பார்த்தது.

"வீடு ஒழுகிச்சு சார்" என்றேன்.

கட்டில்காரர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிலில் கிடந்தவன் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னானா? இல்லை. தன் மனைவிக்கு முன்னால் திருடனாகிவிடக் கூடாது என்று சொன்னான். அவனுக்கும் வேறு வழி இல்லை, எனக்கும் இல்லை. ஜெயில் பயம் அன்றைக்குப் போய்விட்டது. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை.

அவனை வீட்டுக்கு அழைத்துப் போன இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் பண்டகசாலை வாசலுக்கு வந்தாள். ஊசி மருந்து பன்னிரண்டு ரூபாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முந்தானையை அவிழ்த்து ஒன்றரை ரூபாயை நீட்டினாள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் முகம் மாறியது. "ஏன் வேணாங்கறீங்க? நாங்க பிச்சைக்காரங்களா?" என்றாள். ஏன் வேண்டாம் என்பதற்கு நான் என்ன காரணம் சொல்வேன்? வாங்கிக்கொண்டேன்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அன்றைய கூலி இரண்டு ரூபாய் பாக்கி இருக்கிறதே, அதைக் கடனில் கழித்துக்கொள்ளலாமா என்று. நான் தலையாட்டும் முன்பே அவளே திருத்தினாள்.

"முழுசாக் கழிக்க வேண்டாம் சேட்டா. பாதி நாள்லயே விழுந்துட்டாரே. அரைநாள் கூலி, ஒரு ரூபா கழிச்சாப் போதும்."

என் வீட்டுக் கூரையைப் பிரித்ததற்கு அரைநாள் கூலி. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் அத்தனை நியாயமாகக் கணக்குப் பார்க்கிறாள். என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அதன் பிறகு மூன்று தடவை வந்து ஒவ்வொரு ரூபாயாகக் கொடுத்தாள். கருவாடு விற்றுச் சேர்த்த காசு, மணத்திலேயே தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் என் மனைவி தொட மாட்டாள். டப்பாவில் போட்டு வைத்தேன். கடைசியாக வந்த அன்று, அவர் எப்படி இருக்கிறார் என்று பயந்துகொண்டே கேட்டேன். கை சரியாகிவிட்டதாம். ஆனால் அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிறதாம். ஏணியில் ஏற முடியவில்லை, இனி ஓட்டு வேலைக்குப் போகவே முடியாது என்றாள். கை முதல் அடி. தலை இரண்டாவது. முதல் அடி ஆறிவிட்டது.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. ஒரு தடவை கும்பளங்கி வரைக்கும் போனேன். படகுத்துறையில் இறங்காமல் அதே வள்ளத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் வந்த திருடனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இப்போதும் யாராவது ஆவேசமாகப் பேசுவதைக் கேட்கிறேன். நான் வாயைத் திறப்பதில்லை. என் குழந்தைக்கும் அவனுக்கும் நடுவே நின்று நான் அடித்த அடியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, யார் கேட்டாலும் சொல்வேன். மற்றதை இப்போதுதான் சொல்கிறேன்.

ஆனால் கவலைப்படுகிறவனுக்குக் கவலை தீருமா? அவள் ஏன் வராமல் போனாள் என்பதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கையில் காசு இல்லாமல் நின்றுவிட்டாளா? இல்லை, ஏதோ ஒரு நாள் அவன் நடந்ததைச் சொல்லிவிட்டானா? சொல்லியிருந்தால் அவள் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, கணக்கு அன்றோடு தீர்ந்தது. சொல்லவில்லை என்றால், கும்பளங்கியில் ஒருத்தி என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கடன்பட்டிருக்கிறாள். பன்னிரண்டில் அரைநாள் கூலி போக, கொடுத்த நாலரையும் போக, ஆறரை ரூபாய்.