நகத்தில் உளி பார்த்தவர்

வீட்டுக்காரர் இறந்தபின் கடைசல் பட்டறையில் நானே உட்கார்ந்தேன். அதுவரை அவர் மரம் கடைய, அதைச் சுழற்றும் கயிற்றை நான் இழுத்துத்தான் பழக்கம்.

மகள் சீருக்கு மரக்கிண்ணம் குடைய, பள்ளிகொண்டா சந்தையில் முனை உருண்ட உளி ஒன்றை எடுத்தேன். பக்கத்தில் ஒரு கடைசல்காரர் நின்றார். எந்த உளியையும் கட்டைவிரல் நகத்தில் சீவிக் கூர் பார்ப்பார். நகமெல்லாம் வெள்ளைக் கீறல்.

"அது கட்டில் காலுக்கு, யக்கா. கிண்ணத்துக்கு மூலை வச்சதுதான்."

"நெசமாவா?"

"உன்னாண்ட பொய் சொல்வேனா?"

நம்பி, எடுத்ததை வைத்துவிட்டு மூலை வச்சதை வாங்கினேன். மூலை குத்திக் கிண்ணம் பிளந்தது.

மறுவாரம் சந்தையில், நான் வைத்துவிட்டு வந்த முனை உருண்ட உளி அவர் கையில் இருந்தது. வேறு வழியின்றி அவர் கடைந்த கிண்ணத்தையே வாங்கினேன்.

"நான் பொறுக்குன உளியாச்சே, நல்லாத்தான் கடையும்" என்றேன். அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணத்தின் உள்ளே ஒரு கீறல் இல்லை. அத்தனை நல்ல கைக்குப் பொய் எதற்கு என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.