தண்ணிக்காரர் வைத்த உரம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவரைத் 'தண்ணிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கூடாரத்துத் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. மற்றத் தண்ணியை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஒருமுறை அவரைப் பற்றி விசாரிக்க வந்த வீட்டு உரிமையாளரிடம் காவலாளி, "யாரு, நம்ம தண்ணிக்காரரா?" என்று வாய் நிறையக் கேட்டதில், பேசி முடித்திருந்த வாடகை வீடு கைநழுவிப் போனது.

செடித்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்த மேடைகளில் மூன்றாம் மேடையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். அதிலிருந்தவை வைரஸ் ஏற்றிய செடிகள். இலைகள் மஞ்சளித்துச் சுருண்டு கிடக்கும். டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா வேண்டுமென்றே நோய் கொடுப்பது அவருக்குச் செரிக்கவே இல்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கூடாது என்று சொல்லியிருந்தும் கூடுதலாக ஒரு பிடி உரம் வைத்துவிடுவார். புதுத் தளிர் கிளம்பியது. வீட்டில் பெருமையடித்தார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுக் குடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா ஓடி வந்தார். "அண்ணே, மூணாவது மேடைல வைரஸ் டிஎன்ஏ கொட்டிக் கிடக்கு! என்ன பண்ணீங்க?"

அவர் தலையைச் சொறிந்தபடி உண்மையைக் கக்கினார்.

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வைரஸுகிட்ட ஒத்தை இழை டிஎன்ஏல ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான் சொத்து. நகலெடுக்க சொந்தமா சாமான் கிடையாது. செல்லுக்குள்ள பூந்ததும் ஜோடி இழையைச் செடியே பின்னிக் குடுத்துடும். அப்புறம் வட்டம் சுத்தச் சுத்த நகல் வந்துக்கிட்டே இருக்கும். சும்மா படுத்திருக்கிற செல்லைக்கூட தட்டி எழுப்பி வேலை வாங்கும். நீங்க செடியைத் தேத்தினீங்க, அதுல வைரஸ் குளிர் காயுது."

"அப்ப நான் பாம்புக்குப் பால் வார்த்தேனா?"

"வார்த்தீங்க. இனிமேலும் வார்க்கணும். உரம் வெச்சா எவ்வளவு கூடுதுன்னு பார்க்கப் போறேன்."

தண்ணிக்காரருக்குக் கை வரவில்லை. உரத்தை வாங்கிக்கொள்வார், வடிகால் ஓரத்தில் கொட்டிவிட்டு வருவார். அங்கே காட்டுச்செடி இடுப்பளவு வளர்ந்துவிட, குட்டு வெளிப்பட்டது.

"வேண்டாம்னா திருட்டுத்தனமா வெக்கறீங்க, வைங்கன்னா ஒளிக்கறீங்க! உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்ற டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் மேடைக்கு உரம் வைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, நோயில்லாத செடிகள் இருந்த கடைசி மேடையை அவரிடம் ஒப்படைத்தார்.

அங்கே அவர் ஆசை தீர உரம் ஊட்டினார். செடிகள் கூரையை முட்டின. உரமெல்லாம் இலைக்கே போனதில், இலை என்றால் அப்படியொரு இலை. காய்தான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.