காயெடுத்த மறுநாள்

ஆனைக்கரையில் எங்களுக்கு அரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் விற்ற பணத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கியவர்களுக்குக் கம்பெனி லாபத்திலிருந்து பங்குக்கு இவ்வளவு என்று டிவிடெண்ட் உண்டு என அறிவித்திருந்தார்கள். கடைசி நாளில் வாங்கி, மறுநாளே விற்றுவிட்டு, டிவிடெண்டை மட்டும் லாபமாக எடுத்துக்கொள்வது என் கணக்கு. மறுநாள் காலையில் பார்த்தால், டிவிடெண்ட் எவ்வளவோ, பங்கின் விலையும் ஏறக்குறைய அவ்வளவு இறங்கியிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று கத்தினேன்.

செடிக்கு உரம் வைத்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிரவே இல்லை.

"நம்ம தோட்டத்தக் காயோட வித்தா ஒரு வெல, காயெடுத்த பெறகு வித்தா ஒரு வெல. கம்பெனியிலருந்து காசு வெளிய போனா பங்கு வெல எறங்கத்தான செய்யும்?"

இருபது வருஷமாகக் காயெடுக்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரே ஒரு காயெடுப்புக்காக யாராவது தோட்டம் வாங்குவார்களா?

பங்குகளை விற்கவில்லை. டிவிடெண்ட் கைக்கு வந்ததும் அதே கம்பெனியில் இன்னும் மூன்று பங்குகள் வாங்கினேன்.

"வந்த காசையும் அதுலயே போட்டியா?" என்றார் அவர்.

"காய் வித்த காசுல நீங்க உரம் வாங்கலையா?" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.