பெயரை எடுத்துவிட்டு ஆளை வைத்தார்கள்

"பேரு போடல. ஆனா ஆளைப் போட்டுட்டாங்கல்லா."

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் கருவாட்டுக் கூடையோடு இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இது. யாரைத் திட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியைத்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என் வேலை. புள்ளியியல் படித்துவிட்டு, நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருந்தாத வேலை கிடையாது. நாய் துரத்தும். கழிப்பறை கிடைக்காது. "ரேஷன் கார்டுல பேரு சேத்துவிடுவியளா?" என்று கேட்பார்கள். கையில் டேப்லெட்டோடு தெருத்தெருவாக அலைந்த எல்லாருக்கும் இது தெரியும். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதாது என்பதுதான் விஷயமே என்பதால், வேறு சிலதையும் மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

எந்த மேரி?

கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளங்களுக்கு நடுவே உள்ளே போனால் அந்த ஊர். மீன்பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் இருக்கிற கத்தோலிக்க ஊர். முதல் நாள் என் டேப்லெட்டில் வந்த பெயரைச் சொல்லி வீடு விசாரித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையை நிறுத்தாமலே சிரித்தார். அந்தத் தெருவில் மட்டும் அதே பெயரில் பலர் இருந்தார்கள். புனிதர்களின் பெயரைத்தான் வைக்கிறார்கள், புனிதர்கள் எண்ணிக்கையோ குறைவு. குடும்பப் பெயரும் பாதி ஊருக்கு ஒன்றேதான்.

நான் அப்பா பெயரைச் சொன்னேன், வயதைச் சொன்னேன். அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு, பாவப்பட்ட பிள்ளை என்பதுபோல என்னைப் பார்த்தார். "பேரைச் சொன்னா இங்கன யாருக்கும் யாரையும் தெரியாது பிள்ள. அவ என்ன செய்தா, அவ மாப்பிள்ளை என்ன செய்தான், அதைச் சொல்லு."

ஆட்டோக்கார அக்கா

இப்படித்தான் ரோஸ்மேரி அக்காவைக் கண்டுபிடித்தேன். டேப்லெட்டில் இருந்த தொழிலைப் பார்த்து "ஆட்டோக்காரி" என்றதும் ஒரு சின்னப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவின் கணவர் சங்கு குளிக்கப் போனவர்; ஒரு நாள் கடலுக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருகிறார். வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சவாரியில்தான்.

மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்ற கேள்வி வந்தபோது அக்கா வாசலைப் பார்த்தார். நான் டேப்லெட்டில் இருந்த உறுதிமொழியை வாசித்தேன்: உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது. அக்கா யோசித்தார். கணவர் போன பிறகு தூக்கமே இல்லாமல் கிடந்ததையும், தூத்துக்குடியில் டாக்டரிடம் காட்டியதையும், இப்போது ஒரு சின்ன மாத்திரையில் எல்லாம் சரியாக இருப்பதையும், வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே ஹேண்டில்பாரைத் தொட்டதையும் சொன்னார். என் டேப்லெட்டில் இவ்வளவுக்கும் இடம் இல்லை. 'ஆம்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது.

எழுந்தபோது காப்பி கொடுத்தார். "எங்க அம்மைக்குக்கூடத் தெரியாது. நீ மூஞ்சியைச் சுளிக்காம கேட்ட, அதான் சொன்னேன்."

சென்னையிலிருந்து ஒரு சிரிப்பு

கணக்கெடுத்ததை எல்லாம் இணையத்தில் போடப்போகிறோம், ஆராய்ச்சி செய்கிற யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல விஷயம்தான். போடுவதற்கு முன் பெயரையும் போன் நம்பரையும் நீக்கினார்கள். மிச்சம் என்ன இருந்தது தெரியுமா? ஊர், வயது, ஆணா பெண்ணா, தொழில், கணவனை இழந்தவரா, எத்தனை பிள்ளைகள், என்ன நோய், என்ன மாத்திரை. ஆறு பேருக்கு ஒரே பெயர் இருக்கிற ஊரில், ஆளை மறைத்துவைத்திருந்த ஒரே விஷயத்தை எடுத்துவிட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கிற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தார்கள்.

வீடியோ கூட்டத்தில் வாயைத் திறந்தேன். நான் அங்கே பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிற பெண் ஒருத்திதான் சார், ஊர்களைச் சேர்த்து வட்டாரமாகப் போடலாம், வயதைப் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம், ஒருத்தர் மட்டும் செய்கிற தொழிலை 'பிற' என்று போடலாம் என்றேன். குரல் நடுங்கியது. சென்னையில் இருந்த திட்ட மேலாளர் பொறுமையாகக் கேட்டார். ஊர் வாரியாகக் கொடுத்தால்தான் பணம் கொடுத்தவர்களுக்குப் பிடிக்கும் என்றார். பிறகு சிரித்தார். "பேரே இல்லாதப்ப ஆள் எங்கேருந்தும்மா வரும்?"

விடுகதை விளையாட்டு

ஆள் வந்தது. கல்லூரியில் படிக்கிற அந்த ஊர்ப் பையன் ஒருவன் பிராஜெக்டுக்காக எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்து, தன் ஊரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு வரியும் ஒரு வீடு. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் ஊருக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. ஐஸ் கம்பெனி ஆப்பரேட்டர், ஐம்பத்திரண்டு வயது, மூலநோய்: இது யாரு? நண்டு கம்பெனியில் சூப்பர்வைசர், இரண்டு தடவை கரு கலைந்தவள்: இது யாரு? சாயங்காலத்துக்குள் ஊரே விடை சொல்லிவிட்டது. சிரித்தவர்கள் எல்லாரும் தங்கள் வரி வந்ததும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

ரோஸ்மேரி அக்காவின் வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. அது பெற்றோர் குழுவுக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை ஜெசிந்தா என்ற அம்மா தன் மகளை அக்காவின் ஆட்டோவில் அனுப்புவதை முதலில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொருத்தராக. காய்ச்சல் என்றார்கள், மாமா பைக்கில் விடுகிறார் என்றார்கள். அக்கா தினமும் காலையில் அதே நேரத்துக்கு வண்டியைத் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் ஜெசிந்தா வீட்டுக்குப் போய், மாத்திரை சாப்பிடுகிறவர் ஓட்டுவதில் ஆபத்து இல்லை, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று விளக்கப் பார்த்தேன். அவர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலியே. உங்க கம்ப்யூட்டர்தான சொல்லுது."

காயல்பட்டினத்தில் ஒரு கதவு

அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கொள்கைப்படியே வெளியிட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், தேதி மட்டும் வேறு. எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் வரும். அந்தத் தடவை அழுகை வரவில்லை. உங்கள் பெயர் வெளியிடப்படாது என்று என் வாயால் வாசிக்கவைத்தார்கள். வாக்கை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

இதற்கு நடுவே எங்களைக் காயல்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். சேதி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. ஒரு குறுகலான சந்தில் கதவை ஒரு சாண் மட்டும் திறந்த பெண்ணிடம், உங்கள் பெயர் வெளியே வராது என்று ஆரம்பித்தேன். சவுதியில் எத்தனை பேர், வீட்டில் ஆண் துணை உண்டா, யாருக்கு என்ன நோய் என்று அடுத்து நான் கேட்கப்போவதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கையை நீட்டித் தடுத்தார். "என் பேரு பாத்திமா. இந்தத் தெருவுல பாதிப் பேரு பாத்திமா. அதைத் தாராளமா வெளிய போடுங்க, மத்தது ஒண்ணும் கேக்காதீங்க."

சார் வந்தார்

அக்காவின் ஊர்க் கமிட்டி கோபமாக எழுதிய பிறகு மேலாளர் நேரில் வந்தார். குழாய் பதிக்க ஊர்ச்சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் அவருடைய கார் மெயின்ரோட்டிலேயே நின்றது. எங்கள் அலுவலகத்து முத்து அண்ணன் பைக்கில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, வேறு வேலை இருக்கிறதென்று போய்விட்டார். பள்ளி விட்ட நேரம். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

சார் நன்றாகத்தான் பேசினார். திரையில் அட்டவணையைக் காட்டி, இதில் தனிப்பட்ட தகவல் எதுவும் இல்லை என்றார். கடைசி வரிசையிலிருந்து ரோஸ்மேரி அக்கா எழுந்தார். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார்.

"அந்த மூணாவது வரியில இருக்கது யாரு சார்?"

"அது யாராவேணா இருக்கலாம்மா."

"எங்க ஊர்ல இன்னொரு பொம்பளை ஆட்டோ ஓட்டுதாளா? இருந்தா காட்டுங்க. டீசல் போட நானும் அவளும் சேந்து போவோம்."

மண்டபம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பிறகு ரொம்ப மரியாதையாகப் பெற்றோர் பக்கம் திரும்பிச் சொன்னார். "மாத்திரை சாப்பிடுறது ஒரு குற்றம் இல்லைங்க. அவங்க வண்டியில நீங்க தாராளமா பிள்ளைங்களை அனுப்பலாம், ஒரு பயமும் வேண்டாம்."

மெயின்ரோடு வரைக்கும்

கூட்டம் முடிந்து எல்லாரும் வாசலில் நின்றார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. உப்பளங்களின் வெள்ளையில் கண் கூசியது. சார் முத்து அண்ணனுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. ஊர் வண்டிகள் எல்லாம் துறைமுகச் சவாரிக்குப் போயிருந்தன. மண்டபத்துக்கு நேர் எதிரே, தோண்டிய பள்ளத்தை ஒட்டி, ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ரோஸ்மேரி அக்கா அதில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சாரிடம் போனேன். "சார், அக்கா ஆட்டோ இருக்கு. மெயின்ரோட்டுல விட்ருவாங்க."

இந்தத் தடவை என் குரல் நடுங்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

சார் ஆட்டோவைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி ஆட்டோவைப் பார்த்தார்.

"இல்லம்மா, பரவால்ல. நடக்கிறது உடம்புக்கு நல்லது."

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். நிழலே இல்லாத சாலை. அவர் சின்னதாகிக்கொண்டே போவதை ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"அந்த மனுசனுக்குப் பயமா இருக்குல்லா," என்றார் பக்கத்தில் நின்ற ஜெசிந்தா, யாரிடமும் இல்லாமல்.

பிறகு மகளின் முதுகிலிருந்து புத்தகப் பையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே நின்ற அக்காவின் ஆட்டோவுக்குக் கூட்டிப் போனார்.

"ஏளா, ஏறு."

பிள்ளை ஏறியது. ஜெசிந்தாவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.