ஆறடிக் கடலுக்குக் குழாய் போட்ட கதை

"...அதெல்லாம் இருக்கட்டும் ரீ, ஓடறப்போ எல்லாமே நல்லாத்தான் ஓடும். கரண்ட் போச்சுன்னா மேல இருக்கற தண்ணி எங்க போவும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

கேட்டது என் மனைவி. கேட்ட இடம் மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு ஹால். மைசூர்த் தமிழ் மனைவிகளில் பாதிப் பேர் புருஷனைக் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை எவ்வளவு என்பது குரலைப் பொறுத்தது. அன்றைக்கு அவ்வளவாக இல்லை.

நானும் பிளம்பரும் தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தோம். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர் மீன்களுக்காக. கடலை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், போனிலிருந்துதான். முழங்கால் வலிக்கு வைத்தியம் தேடி வீடியோ பார்க்கப் போனவன், நீல நிற மீன் ஒன்றிடம் மாட்டிக்கொண்டேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

மனைவி சம்மதித்தாள், ஒரே கண்டிஷனோடு. அவள் நர்ஸ். "ஆஸ்பத்திரில நாள் பூரா ஈரத்தைத்தான் பார்த்துட்டு வரேன். இங்க தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு, அன்னிக்கே தொட்டி வெளியே. கூட நீங்க போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொட்டியை வாங்கிக்கொள்ள சர்ச்சில் ஓர் ஆளையே பேசி வைத்திருந்தாள்.

பிளம்பர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர். எங்கள் பகுதியில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் போட்டவை. என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் சார், மேல டேங்கு, கீழ சம்பு, நடுவால மோட்டாரு. ஊருக்கே போட்டுக் குடுத்திருக்கறனுங். இதுக்கு எதுக்குங் காலண்டரக் கிழிச்சீங்க?"

நியாயம்தான். தொட்டி நிரம்பி, ஓரத்துக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கை விட்டுவிட்டு, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். தரைக்கடியில் இருக்கும் வீட்டுத் தொட்டியைப் போலவே அந்தச் சின்னத் தொட்டிக்கும் சம்பு என்றுதான் பெயர். அவர் பையிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளை வால்வை எடுத்தபோதுதான் தகராறு வந்தது. உப்புத் தண்ணீர் பித்தளையை அரிக்கும், அதிலுள்ள செம்பு இறால் வகைகளைக் கொன்றுவிடும், எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்றேன். வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பித்தளை ஆகாத சீவனுங்களா? மகாராசா கணக்கா வளக்கோணும் போல."

இந்த இடத்தில்தான் மனைவி கரண்டைப் பற்றிக் கேட்டாள். நாங்கள் இருவரும் காலண்டர் தாளைப் பார்த்தோம். அதில் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"டிரிப் ஏத்தற டியூப் மாதிரிதானே இது?" என்றாள். "மோட்டார் நின்னா, மேல அனுப்பற குழாயே திருப்பிக் கீழ உறிஞ்சும். அது வாய் எவ்வளவு ஆழத்துல இருக்கோ அது வரைக்கும் தொட்டி காலி. அல்வா?" கன்னடத்து 'அல்லவா' அது, தின்கிற அல்வா இல்லை.

பல நாள் வீடியோ பார்த்த எனக்கு அந்தப் பாடம் மட்டும் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. "அக்கா சொல்றது நாயமுங்," என்று பிளம்பர் உடனே கட்சி மாறினார். அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, சின்னதாகத் துளை போட்டார். மட்டம் அங்கே இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகும், உறிஞ்சுவது நின்றுவிடும்.

"ஓட்டை போட்டு ஒழுக்க நிறுத்தறது இதுதானுங் எனக்கு மொதத் தடவை."

அதற்கு முன் இறங்கிவிடும் தண்ணீருக்குக் கீழே இடம் வேண்டுமல்லவா? மோட்டார் ஓடும்போது சம்பு பாதிதான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, வெளிப்பக்கம் சிவப்பு டேப் ஒட்டினேன். பிளம்பரிடம் விளக்கினேன். மனைவியிடம் விளக்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உப்புக் கலக்குமுன் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம். மேலே தொட்டிக்குள், குழாய் வாயில் மாட்டிய வளைவு, எல்போ, கொஞ்சம் கோணலாக நின்றது. மோட்டாரை ஓடவிட்டு, வேறு எல்போ வாங்கக் கடைக்குப் போனோம். அந்த நேரம் பார்த்துக் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வந்துவிட்டால், வீட்டில் காலிப் பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. மனைவி வீட்டு சம்பை நிரப்பினாள். டிரம், பக்கெட், குக்கர் வரை நிரப்பினாள். ஹோஸ் பைப்போடு ஹாலுக்கு வந்தவள் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்து மோட்டாரை நிறுத்தாமலே எல்போவை மாற்றினோம். தண்ணீர் சலசலவென்று ஓடியது.

"இப்பக் கரண்டப் புடுங்கறனுங் அக்கா, பாத்துக்கோங்க," என்று பிளம்பர் பெருமையாக மெயினை அணைத்தார்.

துளை சொன்னபடி வேலை செய்தது. கொர்ரென்று காற்றைக் குடித்தது, உறிஞ்சுவது நின்றது. ஆனால் அதற்குள் அலமாரிக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி, சோபாவைச் சுற்றிக்கொண்டு, நேராக மனைவியின் பாதத்துக்கே வந்து நின்றது.

"சம்பு ரொம்ப நெறஞ்சிருக்குதுங்களே. ஆருங் ரொப்புனது?"

"பாதி காலியா கெடந்துச்சு," என்றாள் மனைவி. "தண்ணி வந்த நாள்ல சம்பைப் பாதியில விடுவாங்களா யாராவது?"

"விட மாட்டாங்கக்கா," என்றார் துரோகி.

அவள் தரையைப் பார்த்தாள். சர்ச் ஆளின் நம்பர் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு என்னை.

"மீனு இன்னும் வரல. மீனு வராத வரைக்கும் இது தொட்டியே இல்ல. கண்டிஷன்ல சேராது. ஏன்ரீ, சரிதானே?"

"ஹௌது," என்று ஆமாம் போட்டேன். பயத்தில் எனக்குக் கன்னடம்தான் வந்தது.

பிளம்பரிடம் மெயினைப் போடச் சொல்லிவிட்டு, குளியலறை மக்கை எடுத்துவந்து அலமாரி முன்னால் மண்டியிட்டாள். டேப் எதற்கென்று கேட்டாள், சொன்னேன். தண்ணீர் டேப் மட்டத்துக்கு இறங்கும்வரை மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்றினாள். பிறகு எழுந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை தானே போய் மெயினை அணைத்தாள்.