சொப்பின் பையில் சொதி இல்லை

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் என் அக்கா ஓர் இடியப்பக் கடை வைத்திருக்கிறாள். அத்தான் காலமான பிறகு தன் கையால் தொடங்கிய கடை. அதில்தான் அவளுடைய சீவியம். அங்கே என் உத்தியோகம், மாலையில் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவது. தம்பி என்பதால் காசு வாங்கமாட்டாள். பதிலுக்கு நான் ஆலோசனை வழங்குவேன். அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை அந்தக் கடைக்கு உதவியதில்லை.

பொலித்தீன் பையை எங்கள் பக்கத்தில் சொப்பின் பை என்போம். இடியப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் சொதியைக் கொதிக்கக் கொதிக்க அதற்குள் ஊற்றி, வாயில் றப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுப்பது வழக்கம். அக்காவும் அப்படித்தான் கொடுத்துவந்தாள். ஒருமுறை அந்தப் பையை மோட்டார் சைக்கிள் கைபிடியில் மாட்டிக்கொண்டு நான் வீடு போய்ச் சேர்ந்தபோது பையில் சொதி இல்லை. என் காற்சட்டையில் இருந்தது.

போன மாரியில் கடைக்கு முன்னால் ஓடும் கான் அடைத்துக்கொண்டது. அந்த வடிகாலில் போகவேண்டிய மழைத்தண்ணீர் கடைக்குள் ஏறி அடுப்படிவரை வந்துவிட்டது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு கானுக்குள் இறங்கினாள். நான் குடை பிடித்தேன், எனக்கு. மண்வெட்டியில் வந்ததெல்லாம் பை. கட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கிழித்து ஊற்றிவிட்டு எறிந்த, மஞ்சள் படிந்த பைகள். அக்கா ஒன்றைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள்.

"டேய் தம்பி, உது என்ரை சொதி."

"எல்லாற்றை சொதியும் மஞ்சள்தானே அக்கா."

"வெந்தயம் இவ்வளவு போடுறது நான் மட்டுந்தான். வேணுமெண்டால் மணந்து பார்."

நான் அவளை நம்பிவிட்டேன்.

மறுநாளே அறிவித்தாள்: இனிப் பை இல்லை. பாத்திரம் கொண்டுவந்தால் சொதி. கொண்டுவர மறந்தவர்களுக்குக் கடையிலிருந்து மூடி போட்ட சட்டி இரவல். சட்டிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீடுகளில் கண்ணாடி அலுமாரி என்று ஒன்று உண்டு. புதுவீடு குடிபூரலுக்கும் கலியாணத்துக்கும் வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் அதற்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கும். அக்கா அத்தனைக்கும் விடுதலை கொடுத்தாள்.

உடனே நான் ஆலோசனை வழங்கினேன். "அக்கா, எங்கடை சனத்தை எனக்குத் தெரியும். போற சட்டி போனதுதான். ஒண்டும் திரும்பி வராது."

"உனக்குத் தெரிஞ்ச சனம் நீ ஒராள்தான்."

எதிரே புதிதாக ஒரு கடை முளைத்திருந்தது. அங்கே ஒன்றுக்கு இரண்டாகப் பை போட்டுக் கொடுத்தார்கள். அக்காவின் வாடிக்கைக்காரர் சிலர் வீதியைக் கடந்தார்கள். கடக்காதவர்கள் முணுமுணுத்தார்கள். தினமும் வரும் வயதான, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "பிள்ளை, ஒரு சின்னப் பை தந்தால் உலகம் அழிஞ்சு போடுமோ?" என்று கேட்டார்.

"உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது சேர். என்ரை அடுப்பு நனைஞ்சது தெரியும்" என்று சொல்லிச் சட்டியை நீட்டினாள். சுற்றாடல் பற்றி நான் கேட்ட கூட்டங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசியதில்லை. அந்தக் கூட்டங்களில் தேநீர் பிளாஸ்ரிக் கோப்பையில் வரும், அது வேறு.

ஆனால் என் ஆரூடம் பலித்துக்கொண்டிருந்தது. போன சட்டிகள் வரவில்லை. சட்டி அடுக்கிய தட்டு நாளுக்கு நாள் காலியானது. ஒரு மாலை ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தபோது, அக்கா மேசைக்குக் கீழே கிடந்த கட்டு ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினாள். சந்தியிலுள்ள கடையில் வாங்கிய புதுச் சொப்பின் பைகள்.

"நாளைக்கும் சட்டி வராட்டில் உதைத்தான் பிரிக்கவேணும். இல்லாட்டில் கடையைப் பூட்டவேணும்."

என் முகத்தைப் பாராமல்தான் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்னது சரியாகியிருந்தது. அன்று இடியப்பம் தொண்டையால் இறங்கவில்லை. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், அதுவும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனால், தட்டில் கழுவிக் கவிழ்த்தபடி அக்காவின் சட்டி ஒன்று இருந்தது. முந்தின நாள் அதில் சொதி கொண்டுவந்தது நானேதான்.

"உதை இஞ்சை தாரும், உடனை கொண்டுபோய்க் குடுக்கவேணும்" என்றேன் மனைவியிடம்.

"வெறுஞ் சட்டியையோ? உங்களுக்கென்ன விசரே? மச்சாள் என்ன நினைப்பா? வெள்ளிக்கிழமை மோதகம் அவிக்கிறன், போட்டுத் தாறன்."

சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது உள்ளே இருக்கவேண்டும். அப்படியானால் இந்த நேரத்தில் மானிப்பாய் முழுவதும் அக்காவின் சட்டிகள் கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டு, முருங்கைக்காய் முற்றுவதற்கும் வெள்ளிக்கிழமை வருவதற்கும் காத்துக்கிடக்கின்றன. நான் கள்ளர் பட்டியலில் சேர்த்தவர்கள் அத்தனை பேரும் மரியாதைக்காரர்கள்.

விடிந்ததும் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "என்னட்டையும் பக்கத்து வீட்டுச் சட்டி ஒண்டு கிடக்கு. பயித்தம் பணியாரம் சுட்டுப் போட்டுக் குடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன்" என்றாள்.

மட்டையொன்றில் எழுதித் தொங்கவிட்டோம்: 'சட்டியை வெறுமையாகத் தாருங்கள். கோபிக்கமாட்டோம்.'

அன்று மாலை முதலில் வந்தவர் வாத்தியார். "எழுதியிருக்கிறியள் எண்டு வெறுமையாத்தான் கொண்டாறன், குறை நினையாதை பிள்ளை" என்று கூச்சத்தோடு நீட்டினார். மூடியைத் திறந்தால் உள்ளே கறிவேப்பிலை. "அது சும்மா. வேலிக்கரையிலை நிண்டது." பின்னால் வந்த சட்டிகளும் அப்படித்தான் 'வெறுமையாக' வந்தன: தேசிக்காய், பச்சை மிளகாய், ஒன்றில் தோட்டத்துச் சின்ன வெங்காயம். அக்கா மூடிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். கறிவேப்பிலையை உருவி, கொதித்துக்கொண்டிருந்த சொதியில் போட்டாள்.

அன்றிலிருந்து நான் தடைக் கட்சி. சில வகைப் பைகளை ஏற்கெனவே தடை செய்துவிட்டார்கள் என்கிறார்கள். எங்கள் கானுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. ஒருமுறை பாவித்து எறியும் பை எதுவாக இருந்தாலும் முழுதாக நிறுத்தவேண்டும். அப்படி நிறுத்தினால் சனம் தவித்துப்போகும் என்பவர்கள் ஒரு மாலை அக்காவின் கடைக்கு வந்து பார்க்கட்டும். சனம் முதலில் முணுமுணுக்கும், பிறகு சட்டி கழுவும். பைக்குப் போகத்தான் தெரியும். சட்டிக்கு வரவும் தெரியும், வரும்போது ஊர்ப் புதினமும் செய்தியும் கொண்டுவரும். எதிர்க்கடைக்குப் போனவர்களில் பாதிப்பேர் அந்தப் புதினத்துக்காகவே திரும்பி வந்தார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே அது பிழையாகவும் இருக்கலாம்.

சட்டிகள் திரும்பி வந்த அடுத்த நாள் காலையில் அக்கா அந்தப் பைக்கட்டைப் பிரிக்காமலே என்னிடம் தந்தாள். "உதைக் கடையிலை திருப்பிக் குடுத்திட்டு, அந்தக் காசுக்குச் செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு வா."

கடைக்காரர் முணுமுணுத்தபடி கட்டை வாங்கிக்கொண்டு, காய்ந்த மிளகாயை நிறுத்து, கொட்டுவதற்கு ஒரு சொப்பின் பையை உதறி விரித்தார். நான் பொலிஸ்காரன்போலக் கையைக் காட்டினேன். "பை வேண்டாம்."

"பின்னை எதிலை கொண்டு போகப்போறியள்?"

அதை நான் யோசிக்கவில்லை. கடைசியில் ஹெல்மெற்றைக் கழற்றி நீட்டினேன். மிளகாய் கச்சிதமாக அதற்குள் அடங்கியது. வெறுந்தலையோடு ஓட்டினால் சந்தியில் பொலிஸ் பிடிக்கும் என்பதால், ஹெல்மெற்றைக் கைபிடியில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உருட்டினேன்.

"என்ன அண்ணை, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டான், சைக்கிளில் என்னைக் கடந்துபோன ஒருவன்.

"ஓம்" என்றேன். எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? மறுநாள் அந்த ஹெல்மெற்றைக் கழுவ மறந்து தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிவரை போனேன். போகும் வழியில் வியர்த்தது.